கூனிமலை இருந்த இடம்

முள்ளந்துறைக்குத் தெற்கே நின்றுகொண்டிருந்த கூனிமலை, வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஊருக்கு வடக்கே நின்றது. முதலில் பார்த்தவள் அமலோற்பவம்தான். கருவாடு காயப்போடக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தவளுக்கு, மலையைப் பார்த்ததும் ஆச்சரியம் வரவில்லை, கண் கடலுக்குத்தான் போனது. ஏனென்றால் அவள் புருஷன் கஸ்பார் அந்த மலையைப் பார்த்துத்தான் எப்போதும் கரை சேருகிறவன். அவன் கடலுக்குப் போய் அன்றோடு இரண்டு நாள் ஆகியிருந்தது.

மலை சும்மா வரவில்லை. மேலே மேய்ந்த ஏழு ஆடுகளோடும், உச்சியில் யாரோ எப்போதோ நட்ட மரச்சிலுவையோடும், சப்பாத்திக்கள்ளியில் காயப்போட்டு மறந்த ஒரு பச்சைச் சேலையோடும் வந்து சவேரிமுத்துவின் தென்னந்தோப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. தெற்கே அது நின்ற இடத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை. உடைமரமும் மணலுமாக, அப்போதுதான் பெருக்கிவிட்ட முற்றம்போல அந்த இடம் கிடந்தது. ஊர் கூடியது, பார்த்தது. ஆட்டுக்காரர்கள் போய் ஆடுகளைப் பிடித்து வந்தார்கள். சேலைக்குச் சொந்தக்காரி தெரிந்துபோனதில் இரண்டு வீட்டுக்கு நடுவே பழைய சண்டை ஒன்று தீர்ந்தது. பதினோரு மணிக்கெல்லாம் உலை வைக்க நேரமாயிற்று என்று பெண்கள் வீட்டுக்குப் போனார்கள்.

"எந்தோப்பு மேல வந்துதான் உக்காரணுமா, வேற இடமே கெடைக்கலையா இதுக்கு?" என்று சவேரிமுத்து மட்டும் மலையடிவாரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கஸ்பாரின் அக்கா ரெஜினாவின் புருஷன்.

மற்றவர்களுக்கு மலை வந்த காரணம் தெரியாது. அமலோற்பவத்துக்குத் தெரியும். அது அவள் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

ஆறு மாதத்துக்கு முன்னால், கார்த்திகை மழையில், கடலுக்கு அப்பாலுள்ள பெரிய தேசத்திலிருந்து ஒரு வெள்ளைக் கப்பல் வந்தது. உலகத்துக் கரைகளையெல்லாம் படம் வரைந்து, அந்தப் படத்தை உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் கொடுக்கிற தேசம் அது. மூன்று நாள் விடாத மழையில் மலை, மரம், கோயில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வந்தவர்களுக்கோ அவசரம், இன்னும் நானூறு கரை பாக்கி. அதனால் அவர்களில் ஒருவர், நீளக் கழுத்தும் சாந்தமான கண்ணுமாக இருந்தவர், பின்னால் ஊரே படத்துக்காரர் என்று கூப்பிட்ட மனிதர், ஒரு தாளை விரித்து, வீடு வீடாக நனைந்துகொண்டே வந்து, "இந்தக் கரையில் உங்கள் மலை எங்கே இருக்கிறது? விரல் வைத்துக் காட்டுங்கள்" என்று புத்தகத்தில் படித்த தமிழில் கேட்டார்.

முள்ளந்துறையில் கேட்கக்கூடாத கேள்வி அது. கரைக்கு முன்னால் கடலுக்கடியில் பாறைகள் பல்வரிசை மாதிரி கிடக்கின்றன. கோயில் கோபுரத்துச் சிலுவை கூனிமலையின் கூனில் ஏறி உட்காருகிற கோட்டைப் பிடித்து வந்தால்தான் பாறைகளுக்கு நடுவே இருக்கிற ஒரே வாய் வழியாகக் கரையேறலாம். மீன் அடைகிற இடங்களுக்கும் அப்படியே, மலையும் மரமும், மலையும் கோபுரமும் என்று இரண்டை ஒன்றாக்கிப் பார்க்கிற கோடுகள் உண்டு. கணியம் என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணியம், அதை அடுத்த வீட்டுக்கு, பெண் கொடுத்த வீட்டுக்குக்கூட, சொல்ல மாட்டார்கள். வெளியாள் கேட்டால் முகம் மாறாமல் வேறு இடத்தைக் காட்டுவார்கள், காட்டிவிட்டுக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். அதில் பொய் சொன்ன உறுத்தல் யாருக்கும் இருந்ததில்லை, வீட்டுக் கதவைச் சாத்துவது போலத்தான் அது. அன்றைக்கு ஊரே அதைத்தான் செய்தது. கஸ்பார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் இருந்தான், அமலோற்பவம்தான் எழுந்து வந்து, மாவு ஒட்டியிருந்த விரலை வடக்கே, சவேரிமுத்துவின் தோப்பு இருக்கிற இடத்தில் வைத்தாள். படத்துக்காரர் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் கஸ்பார் சிரித்தான். "ஏட்டி, எங்க அத்தான் தோப்பத் தூக்கி மலையாக்கிட்டியே" என்றான். அவளும் சிரித்தாள்.

படம் அச்சாகிக் கப்பல்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அன்றைக்குக் கடலில் ஐந்து வள்ளங்கள் இருந்தன. நான்கு வந்துவிட்டன. ஒன்று பாறையில் உரசி அடிப்பலகை பெயர்ந்து வந்தது, இன்னொன்று மலை இடம் மாறியதைத் தூரத்திலேயே கண்டு, நாம்தான் குடித்துவிட்டோமோ என்று ஒருவரையொருவர் முகர்ந்து பார்த்துக்கொண்டு, கரையோரத்து ஆட்கள் துண்டை வீசிக் காட்டியபின் வந்தது. கஸ்பாரும் அவன் கூட்டாளி லாசரும் போன வள்ளம் மட்டும் வரவில்லை. ஊர் ஆண்கள் நான்கு நாள் தேடினார்கள். ஆனால் தேடப் போனவர்களுக்கே திரும்பி வரக் கோடு இல்லை. ஐந்தாம் நாள் ஊர்த்தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மயினி, கஸ்பாரு அவசரக்காரன் இல்ல. கோடு பொருந்தலன்னா வெளியிலயே நங்கூரத்தப் போட்டுட்டுக் கெடப்பான். போன தலமொறையில வள்ளச் சம்மாட்டி ஒருத்தர் நாப்பத்தியொரு நாள் கழிச்சு வந்தாருல்லா" என்றார்.

"நாப்பத்தியொரு நாளு வரைக்கும் தண்ணி?" என்று அவள் கேட்டாள்.

அவள் கஸ்பாரை நினைத்தாள். அவன் மலையைத்தான் நம்புவான், மலை சரியில்லையென்று தோன்றினால் மலை இருந்த இடத்தைத் தேடுவான். அங்கே ஒரு அடையாளம் நின்றால் போதும், அவன் புரிந்துகொள்வான். ஆகவே அவள் தெற்கே போனாள். மலை இருந்ததற்கு ஒரு தடமும் இல்லாத அந்த மணலில், கல்யாணமான புதிதிலிருந்து இருபத்தைந்து வருஷம் சுள்ளி பொறுக்கிய கால் அறிந்து நிறுத்திய இடத்தில் நின்று, காய்ந்த ஓலையையும் உடைமுள்ளையும் குவித்து, மேலே பச்சைத் தழையைப் போட்டுக் கொளுத்தினாள். புகை எழுந்தது. கச்சான் காற்றின் காலம், கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. புகை நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து கடல்மேல் ஓடியது. ஓடட்டும், அவனைத் தேடித்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டாள். விடிந்தால் மூட்டுவாள், இருட்டினால் வீட்டுக்கு வருவாள். நாள் முழுக்கத் தெற்கையும் கடலையும் மாறி மாறிப் பார்த்து அவள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டது.

ஊர்ப் பெண்கள் முதல் வாரம் ஆளுக்கொரு கட்டு ஓலை கொண்டுவந்து போட்டார்கள்.

அப்புறம் பெரிய தேசத்துக்காரர்கள் வந்தார்கள். கோபமாகவோ துப்பாக்கியோடோ வரவில்லை, பெட்டி பெட்டியாகச் சாமானோடு, செருப்பைக் கழற்றிவிட்டு ஊருக்குள் வந்தார்கள். ஒவ்வொரு வள்ளத்துக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பொட்டி கொடுத்தார்கள். பொட்டிக்குள் அவர்கள் படம் இருந்தது. வலப்பக்கம் திருப்பு, இடப்பக்கம் திருப்பு என்று அது சொல்லச் சொல்லக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கரைக்கு வரலாம். மலைமேல் ஒரு வெள்ளைக் கட்டடமும் அதன்மேல் ஒரு இரும்புத் தட்டும் வைத்தார்கள், அடிவாரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள், பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி கொடுத்தார்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தங்கள் ஊருக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைப்பதாகச் சொன்னார்கள். தோப்பை இழந்த சவேரிமுத்துவுக்கு மலையைக் காவல் காக்கிற வேலை கிடைத்தது. காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தார்கள். தன் தென்னைகளை நசுக்கிக்கொண்டு நிற்கிற மலையை அவர் பகலெல்லாம் காத்தார், ஏறவருகிற பிள்ளைகளை விசில் ஊதி விரட்டினார், வீட்டிலும் சட்டையைக் கழற்றவில்லை.

"ஏம்ப்பா காவக்காரரே, மல ஓடிறப் போவுது, கயித்தப் போட்டுக் கெட்டு" என்று இளவட்டங்கள் கேலி பேசினார்கள்.

"ஓடுனா ஒங்க வீட்டு மேல ஓடச் சொல்லுதேன்ல" என்று விசிலை ஊதினார்.

இராயப்பர் திருநாள் வந்தது. மலையைச் சுற்றித் தேர் இழுப்பது அந்த ஊர் வழக்கம். மலை எங்கே இருக்கிறதோ அங்கேதானே சுற்ற முடியும் என்று பங்குச் சாமியார் சொன்னார், தேர் வடக்கே போனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஊரை வரையும்போது மலையை வடக்கே வரைந்தார்கள், வாத்தியாரும் சரி என்று சிவப்பு மையால் குறி போட்டார். பொட்டிக்குள் இல்லாத மீன்பாறைகளுக்கு ஆண்கள் போவதை நிறுத்தினார்கள். அப்பன் பாட்டன் காலத்தில் வள்ளம் நிறைய நகரை மீன் கொடுத்த பாறைகள் அவை. பொட்டி காட்டவில்லையே, அங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்றார்கள், அந்தப் பக்கமெல்லாம் வெள்ளைக் கப்பல்கள் வந்து நங்கூரமிட்டன. வீட்டுக் கணியங்களை இனி ஒளிக்க வேண்டியதில்லை என்றானதும் சாராயக் கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், சிரித்துச் சிரித்து மறந்தார்கள். கோயில் கூட்டத்தில் ஊர்த்தலைவர் எழுந்து, "அந்தப் பக்கத்துல இன்னொரு பெரிய தேசம் இருக்காம், அவன் படத்துல நம்ம ஊரே கெடையாதாம். இவன் படத்துலயாச்சும் இருக்கோம். மல கொஞ்சம் தள்ளி இருந்தா என்ன, நாம இருக்கோம்லா?" என்று கேட்டபோது, ஊர் முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது.

ஆவணி பிறப்பதற்குள் சிலர் மலை அங்கேதான் எப்போதும் இருந்தது என்று சொல்லத் தொடங்கினார்கள். முதலில் பேச்சுவாக்கில், பிறகு அழுத்தமாக.

ஓலைக்கட்டுகள் நின்றுபோயின. ரெஜினா ஒருநாள் தெற்கே வந்து, புகையை முந்தானையால் விலக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி அமலு, நீ இப்படிப் பொகைய மூட்டிட்டுக் கெடந்தா ஊருக்குக் கெட்ட பேருல்லா. படத்துல இல்லாத பொகைன்னு கப்பக்காரவிய முணுமுணுக்காவளாம். ஒங்க அண்ணன் காவக்கார வேலைக்கி வேட்டு வச்சிராத."

"ஒங்க தம்பி வரலயே மயினி."

"எந்தம்பின்னு எனக்குத் தெரியாதாட்டி? நீயா பெத்த, எங்காத்தால்லா பெத்தா? நான் ராத்திரில அழுவுதேன். பகல்ல எங்கூட்டு அடுப்பு எரியணும்."

"மல இங்கனதான இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

ரெஜினா தெற்கே பார்த்தாள், வடக்கே பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். "எனக்கு நெனவில்லட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது பொய்யா நிஜமா என்று அமலோற்பவத்துக்குப் பிடிபடவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

படத்தைத் திருத்தக் கேட்டு அவள் முதலில் நம் சர்க்கார் ஆபீசுக்குத்தான் போனாள். அங்கே இருந்த குமாஸ்தா நல்லவர், மின்விசிறியைத் திருப்பிவிட்டார். "அம்மா, நம்ம படமே அவுங்க படத்தைப் பார்த்து வரைஞ்சதுதான். அதில எப்படித் திருத்துறது? அவ்வளவு தூரம் போய்த் தேடுற கப்பலும் நம்மகிட்ட இல்ல, அவுங்ககிட்டதான் இருக்கு. அவுங்களையே பாருங்க" என்றார். ஆகவே அவள் கூனிமலைமேல் ஏறினாள். இருபத்தைந்து வருஷம் பழகிய அதே பாதைதான், அதே வழுக்குப் பாறைதான், அவள் காலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஆனால் உச்சியில் நின்று பார்த்தால் கடல் வேறு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது.

வெள்ளைக் கட்டடத்தில் படத்துக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார், தேநீர் கொடுத்தார். அவள் தேநீரைத் தொடவில்லை.

"ஐயா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். மழையில நீங்க வந்தப்ப நான் பொய்யாக் காட்டுனேன். மல அங்கன இல்ல, தெக்க இருந்துச்சு. எங்க வழக்கம் அப்படி, வேணும்னு செய்யல. அந்தப் புள்ளியக் கொஞ்சம் அழிச்சிட்டு மாத்திப் போடுங்க. எம் புருஷன் கடல்ல நிக்காரு."

அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்றைக்கு நூற்று எழுபத்திரண்டு வீட்டில் கேட்டேன் அம்மா. எல்லோருடைய விரலும் கொஞ்சம் நடுங்கியது, சிலருடையது சிரித்தது. உங்கள் விரல் மட்டும்தான் அசையவில்லை. அதனால் உங்களுடையதை எடுத்துக்கொண்டேன்."

"அதான் பொய்யின்னு சொல்லுதேனே ஐயா."

"இல்லை. நீங்கள் காட்டிய இடத்தில்தான் மலை இருக்கிறது. அதன்மேல்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் பொய் சொல்லவில்லை."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரில் யாராவது அவளைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், பொய்யைப் பொய்யென்று ஒத்துக்கொள்ளவிடாத இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

"இந்தப் படம் பதினாயிரம் கப்பலில் இருக்கிறது" என்றார் அவர். "ஒரு வள்ளத்துக்காக மாற்றினால் பதினாயிரம் கப்பலும் வழி தவறும். மாற்ற எனக்கே அதிகாரம் இல்லை. ஆனால் தேட முடியும். எங்கள் கப்பல்கள் கடலில் மிதக்கிற ஒரு செருப்பைக்கூடக் கண்டுபிடிக்கும். அதற்கு ஒரு சின்னக் காரியம் பாக்கி."

மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கூனிமலை எப்போதும் இப்போதுள்ள இடத்திலேயே இருந்துவருகிறது என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே ஊர்த்தலைவர், சாமியார், வாத்தியார், லாசரின் வீட்டார், ரெஜினா என்று வீட்டுக்கு ஒரு கையெழுத்து. நூற்று எழுபத்தொன்று. ஒரு வீடு மீந்தாலும் படத்தில் மலைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டுமாம், கேள்விக்குறி போட்ட படத்தை நம்பி எந்தக் கப்பலும் வராதாம். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றைக்கே கஸ்பாரைத் தேடச் சொல்லும் விண்ணப்பத்தை மேலே அனுப்புவதாகச் சொன்னார். அவர் ஏமாற்றுகிறவர்போல் இல்லை. அவர் கண்ணில் உண்மையாகவே வருத்தம் இருந்தது, அவள் அதைப் பார்த்தாள்.

அன்றோடு எத்தனை நாள் என்று எண்ணுவதை அவள் நிறுத்தியிருந்தாள். நாற்பத்தொன்று எப்போதோ தாண்டியிருந்தது. புகையால் ஒரு மனிதனைக் கொண்டுவர முடியவில்லை. மலை தெற்கே இருந்தது என்று தெரிந்த கடைசி ஆள் தான் என்பதும், அந்தத் தெரிதலைக் கொடுத்தால் கஸ்பார் கிடைக்கலாம் என்பதும் அவளுக்கு விளங்கியது. தெரிந்து வைத்துக்கொண்டு என்ன செய்ய, ஆள் அல்லவா வேண்டும்? ஐந்தாம் வகுப்போடு நின்ற கையால், ஒவ்வொரு எழுத்தாக, அமலோற்பவம் என்று எழுதினாள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தபோது, மாதக்கணக்கில் இழுத்துப் பிடித்திருந்த கழுத்து சட்டென்று விட்டுப்போனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அதற்காக அப்போதே வெட்கப்பட்டாள்.

பதில் வர ஏழு நாள் ஆனது. ஏழு நாளும் அவள் மலைமேல், அந்த வெள்ளைக் கட்டடத்து நடையிலேயே கிடந்தாள். சவேரிமுத்து காக்கிச் சட்டையோடு வந்து கஞ்சி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போவார். எட்டாம் நாள் காலையில் படத்துக்காரர் அவள் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"வாசிக்கட்டுமா அம்மா?"

"வாசிங்க."

"கூனிமலை இடம் மாறியதால் வள்ளம் வழி தவறியதாக விண்ணப்பத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. ஊரார் அனைவரும், விண்ணப்பதாரர் உட்பட, மலை இடம் மாறவில்லை என்று ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஆகவே அக்காரணத்தால் எந்த வள்ளமும் வழி தவறியிருக்க முடியாது. தேட வேண்டிய தேவை எழவில்லை."

அவர் தாளை மடித்தார்.

"அப்போ எம் புருஷன் எங்க ஐயா?"

"அந்தக் கேள்விக்கு இந்தத் தாளில் இடமில்லை அம்மா."

அவள் எழுந்து, சேலையை உதறி, மலையிலிருந்து இறங்கினாள். ஊருக்குள் நுழையவில்லை, கோயில் முன்னால் நிற்கவில்லை, நேராகத் தெற்கே நடந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, புகை மூட்ட வேண்டும், ஏழு நாள் விட்டுப்போயிற்று, அவன் பார்த்திருந்து ஏமாந்திருப்பான் என்ற ஒரே கவலைதான் இருந்தது. பின்னால் யாரோ மூச்சிரைக்க வருகிற சத்தம் கேட்டது. ரெஜினா. தலையில் இல்லாமல் இடுப்பில், பிள்ளையைத் தூக்குகிறதுபோல, ஒரு பெரிய ஓலைக்கட்டு. சவேரிமுத்து சொல்லியிருப்பார்.

ரெஜினா நழுவிய கட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். "வேல போனா போவுது" என்றாள். "எந்தம்பிட்டி அவன். எங்கன போடணும், சொல்லு, கொளுத்திருவோம்."

அமலோற்பவம் நின்றாள். எதிரே வெளேரென்று மணல் கிடந்தது. ஏழு நாள் கச்சான் சாம்பலை அள்ளிக் கடலில் போட்டுவிட்டு, கரிந்த சுள்ளியைக்கூட மூடிவிட்டுப் போயிருந்தது. பரவாயில்லை, கால் அறியும் என்று ஓரடி வைத்தாள். கால் அறியவில்லை. இந்தப் பக்கமா என்று திரும்பி இன்னும் ஓரடி வைத்தாள். சுள்ளி பொறுக்கின நாட்களை நினைத்துப் பார்த்தாள், முதுகில் மலைநிழல் விழ, கஸ்பார் கீழே நின்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. எல்லாம் தெளிவாக வந்தது, அவன் கட்டியிருந்த கைலியின் கட்டம்வரை. ஆனால் அந்த நினைவில் மலை வடக்கே இருந்தது.

உடைமரங்களுக்கு நடுவே அவள் அங்கும் இங்கும் நடந்தாள். நின்றாள். கடலைப் பார்த்தாள், ரெஜினாவைப் பார்த்தாள், மறுபடி மணலைப் பார்த்தாள்.

காற்று விடாமல் அடித்தது. ரெஜினா ஓலைக்கட்டை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொல்லுட்டி" என்றாள். "கை வலிக்கி."